மண்டபம், கிளினிக், கைபேசி, வீடு, மரநிழல்: வன்னித் தாய்மாருக்கு எந்தப் பயிற்சி?

இலங்கையின் வடக்கே, வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரமாக உள்ள ஒரு கிராமத்தின் மாதர் சங்கத்துக்கு வெளிநாடுகளில் வாழும் ஊரவர் சிலர் ஒரு தொகையை அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் 30 தாய்மாருக்கு, பிள்ளைகளோடு பேசிப் பழகும் முறையில் ஓராண்டுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். எந்த வழியில் கொடுப்பது என்பதைச் சங்கமே தீர்மானிக்கலாம். முன்பள்ளி ஆசிரியையாகவும், பின்னர் ஆசிரியைகளைப் பழக்குபவளாகவும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வேலை செய்தவள் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். கூட்டத்தில் வாயால் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வி மல்லாவியிலும் விசுவமடுவிலும் அக்கராயனிலும் எழக்கூடியதுதான்.

கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி வழியைப் பற்றியதல்ல. "பிள்ளையோடை கதைக்கிறதுக்கும் ஒரு பயிற்சியோ? எங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று ஓர் அம்மம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் பழக்கியது அவர் பிறந்து வளர்ந்த வீடு. மடியில் கிடந்த பிள்ளைக்குச் சாய்ந்தாடம்மா சொல்லவும், உள்ளங்கையில் நண்டூருது நரியூருது காட்டவும், அம்புலியைக் காட்டிச் சோறு தீத்தவும் அந்த வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தை செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் வகுத்துப் பாடிய மொழி நம்முடையது. குழந்தை எதைச் செய்கிறதோ அதற்குப் பெரியவர் மறுமொழி சொல்வதே அந்தப் பாட்டுகளின் உயிர். ஆனால் இன்று கைக்குழந்தையோடு கூட்டத்துக்கு வந்திருந்த தாய்மாரில் பலர் 2009 இல், போர் முடிந்த ஆண்டில், எட்டு, பத்து வயதுச் சிறுமிகளாக இருந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைப்பருவம் இடப்பெயர்விலும் பதுங்குகுழியிலும், பின்னர் செட்டிகுளத்து முகாம்களின் தறப்பாள் கூடாரங்களிலும் கழிந்தது. சத்தம் போடாதே, குனி, ஓடு, என்னை விட்டு விலகாதே என்ற கட்டளைகளே அந்த நாட்களில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பேசிய பேச்சின் பெரும்பகுதி. உயிரைக் காத்த அந்தப் பேச்சைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கு வீடு பழக்கத் தவறியதை வேறெங்காவது பழக்க வேண்டியிருக்கிறது என்பதை அம்மம்மாவும் ஒப்புக்கொண்டார்.

பழக்க வேண்டியது என்ன என்பதைத் தெளிவாக்காமல் வழிகளை ஒப்பிட முடியாது. ஒரு காட்சியைச் சொல்கிறேன். தாய் முற்றத்தில் இருந்து கச்சான் உடைக்கிறாள். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு கோதை எடுத்து அவளுக்கு நேரே நீட்டி "ஆ" என்கிறது. "வாய்க்குள்ள வைக்காதை" என்கிறாள் தாய், கோதைப் பறித்து எறிகிறாள், உடைப்பைத் தொடர்கிறாள். பிள்ளை இன்னொன்றை எடுக்கிறது. மீண்டும் அதே வார்த்தை. மூன்றாம் முறை பிள்ளை அவளிடம் நீட்டுவதில்லை, தானே வாயில் வைக்கிறது. தாய் கெட்டவள் அல்லள், கையில் வேலை இருக்கிறது. அதே தாய் பிள்ளையின் கண் போகும் இடத்தைப் பார்த்து, ஐந்து விநாடி பொறுத்து, "ஓ, கோது. கோது காலி. உள்ளுக்குக் கச்சான் இல்லை" என்று சொல்லிக் கோதைக் காதருகே ஆட்டிக் காட்டினால் பிள்ளை சிரிக்கும், இன்னொன்றைத் தேடிக் கொண்டுவரும், அடுத்த முறை "கோ" என்று எதையாவது சொல்லிப் பார்க்கும். உடைப்பு வேலை நின்றுவிடாது. பார், பொறு, மறுமொழி சொல், ஒரு சொல்லைக் கூட்டு என்பதற்கு மேல் இந்தப் பயிற்சியில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. பிள்ளை "பால்" என்றால் தாய் "பால் சூடு" என்பாள். பிள்ளை "மாடு" என்றால் "மாடு வருது" என்பாள். இடைவிடாமல் பேசுவதும் இதுவும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 4 முதல் 6 வயது வரையான 36 பிள்ளைகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிள்ளை கேட்ட சொற்களின் தொகையைவிடப் பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய தடவைகளே மூளையின் மொழிப்பகுதி இயங்கியதோடு தொடர்புற்றிருந்தன. "இது என்ன நிறம்? அது என்ன?" என்று பரீட்சை வைப்பதும் இந்த மாறிமாறிப் பேசுதலில் சேராது, நம்முடைய முன்பள்ளிகளிலிருந்தே வீட்டுக்குப் போன வழக்கம் அது என்பதைச் சற்று வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே இது நீச்சலைப் போலவோ சைக்கிளைப் போலவோ செய்து பழகும் வேலை. எந்த வழியை மதிப்பிடும்போதும் நான் கேட்கும் கேள்விகள் இரண்டே: பயிற்சி நடக்கும் இடத்தில் பிள்ளை இருக்கிறதா? தாயும் பிள்ளையும் சேர்ந்திருப்பதை அருகிலிருந்து பார்த்து, நல்லதைக் காட்டிச் சொல்ல ஒருவர் இருக்கிறாரா?

சங்கத்தின் முன் முதலில் வைக்கப்பட்ட யோசனை இரண்டு நாள் செயலமர்வு. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு வளவாளரை அழைத்து, பொதுநோக்கு மண்டபத்தில் பதாகை கட்டி, மங்கள விளக்கேற்றி, சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் கொடுத்து, கடைசியில் சான்றிதழோடு முடிப்பது. பணம் அனுப்பியவர்களுக்குப் படம் எடுத்து அனுப்ப இதைப்போல் வசதியானது வேறில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு செயலமர்வை ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகளோடு பேசுவதன் முக்கியத்துவத்தைப் பற்றி வளவாளர் திரையில் ஒன்றரை மணிநேரம் விளக்கிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளைகள் மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தின் கீழ், பள்ளிக்குப் போகாமல் மறிக்கப்பட்ட அக்காமாரின் இடுப்பில் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். அழுகை கூடியபோது சத்தம் கேட்கிறது என்று சன்னலைச் சாத்தச் சொன்னது நான்தான். அன்று தாய்மார் குறிப்பெடுத்தார்கள், கைதட்டினார்கள். அடுத்த மாதம் சில வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது சான்றிதழ் சுவரில் இருந்தது, பேச்சு பழைய மாதிரியே இருந்தது. என் இரண்டு கேள்விகளுக்கும் இந்த வழி இல்லை என்றே பதில் சொல்கிறது. பணத்தின் பெரும்பகுதி வாகனத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும் என்பது வேறு. வழிநடத்தப் போகிறவர்களைத் தயார்படுத்த ஒரு செயலமர்வு வேண்டும்தான். தாய்மாருக்கு அது வேண்டாம்.

கிளினிக் நாளோடு சேர்த்துச் செய்யலாம் என்ற யோசனையை, ஊரின் தாய், சேய் நலத்தைப் பார்க்கும் அரச குடும்பநல உத்தியோகத்தரே முன்வைத்தார். இந்த வழிக்கு வெளிநாட்டு அத்தாட்சி உண்டு. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 1489 தாய், சேய் இணைகளைச் சேர்த்து நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வில், அரச சுகாதாரப் பணிப்பெண்களே தமது வழமையான வேலையோடு, மாதம் ஒரு வீட்டுச் சந்திப்பும் ஒரு குழுக்கூட்டமுமாக இதைச் செய்தார்கள். இரண்டு வயதில் அந்தப் பிள்ளைகளின் அறிவு, மொழி, உடலியக்கம் மூன்றும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து தயாரித்த பயிற்சித் தொகுதியையே அவர்கள் தழுவியிருந்தார்கள். ஆனால் நம்முடைய உத்தியோகத்தரின் ஒரு கிளினிக் நாளை எண்ணிப் பாருங்கள்: நிறை பார்ப்பது, தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்மார், திரிபோஷா சத்துமா, பதிவேடு. ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்பது நியமம். வன்னியில் அந்த 3000 பேர் எத்தனை மைல் பரப்பில் சிதறி இருக்கிறார்கள் என்பது நியமத்தில் இல்லை. இந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவது சரியல்ல. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பாயை விரித்து, ஒரு பெண் பத்து நிமிடம் பிள்ளைகளோடு விளையாடிக் காட்டினால் அதுவே போதும். கிளினிக் இந்தத் திட்டத்துக்கு வாசலாகட்டும். யார் வரவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பேச்சு பிந்துகிறது என்பதை அறிய அதைவிட நல்ல இடம் இல்லை.

கைபேசி வழியே இளையவர்களின் தெரிவாக இருந்தது. வட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்கி, வாரம் மூன்று குரல்பதிவுகள் அனுப்பலாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் முன்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எட்டு மாதங்கள் வாரம் மூன்று குறுஞ்செய்திகள் அனுப்பிப் பயன் கண்டதாக ஓர் ஆய்வு உண்டு. செலவு மிகக் குறைவு, மழைக்கும் நிற்காது. ஆனால் அந்தப் பெற்றோரின் பிள்ளைகள் முன்பள்ளிக்குப் போகும் நான்கு வயதினர். செய்திகள் எழுத்தறிவைப் பற்றியவை. நம்முடைய பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும். அதோடு, பல வீடுகளில் இருக்கும் ஒரேயொரு நல்ல கைபேசி கணவனோடு வேலைக்குப் போகிறது. இரவில் வீட்டுக்கு வரும்போது அதில் டேட்டா முடிந்திருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது யூரியூப் கார்ட்டூனைப் போட்டு முன்னால் வைப்பதே இன்று பேச்சைத் தின்னும் முதல் எதிரி. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயது முதல் நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. அந்தக் கருவியைக் கீழே வை என்று சொல்வதற்கு அதே கருவியை எடுக்கச் சொல்வதில் உள்ள முரணைத் தாய்மார் உடனே கண்டுபிடித்துச் சிரித்தார்கள். கைபேசியை நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம். பயிற்சி என்று அதை எண்ண முடியாது.

வீட்டுச் சந்திப்புத்தான் உலகில் மிக நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்க்கப்பட்ட வழி. ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 87 ஆம் ஆண்டுகளில் சாலி கிரந்தம் மெக்கிரிகரின் குழு, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளோடு இதைத் தொடங்கியது. ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் வாரம் ஒரு மணிநேரம், இரண்டு ஆண்டுகள் போனார். வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுபோய், தாயின் முன்னிலையில் பிள்ளையோடு விளையாடி, பிறகு தாயைச் செய்யவிட்டுப் பார்த்தார். அந்தப் பிள்ளைகள் 22 வயதானபோது, சந்திப்புக் கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக உழைத்தார்கள். போனவர்கள் பட்டதாரிகள் அல்லர் என்பது நமக்கு முக்கியம்.

என் இரண்டு கேள்விகளுக்கும் இந்த வழி முழு மதிப்பெண் பெறுகிறது. வீட்டில் கச்சானும் இருக்கிறது, கோதும் இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது. வெளியே வரத் தயங்கும் தாயையும் சென்றடையலாம். ஆனால் கணக்கைப் பார்ப்போம். 30 வீடுகளுக்கு வாரம் ஒரு மணிநேரம். செம்மண் ஒழுங்கைகளில் சைக்கிளில் ஒரு பெண் ஒரு நாளில் மூன்று, மிஞ்சினால் நான்கு வீடு போகலாம். ஆக இரண்டு பேர் முழுநேரமாக வேண்டும். ஐப்பசி முதல் தை வரை மழை. சில ஒழுங்கைகளில் முழங்கால் அளவு வெள்ளம். மாலையில் யானைப் பயம், ஆகவே இருட்டுமுன் திரும்ப வேண்டும். இவை போக, சொல்லத் தயங்கும் ஒன்றும் உண்டு. கணவன் இல்லாமல் பிள்ளைகளோடு வாழும் பெண்களின் வீடுகளுக்குத் தகவல் திரட்டவும் விசாரிக்கவும் படிவம் நிரப்பவும் எத்தனையோ பேர் இத்தனை ஆண்டுகளில் வந்து போயிருக்கிறார்கள். நுண்கடன் கட்டச் சொல்லி வந்தவர்களும் அதே படலையைத்தான் திறந்தார்கள். வாராவாரம் இன்னொருவர் வந்து தன்னையும் பிள்ளையையும் உற்றுப் பார்ப்பதை எல்லாத் தாய்மாரும் விரும்புவார்கள் என்று நாம் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளக் கூடாது.

கொலம்பியாவில் இதே ஜமெய்க்கா முறையை 1420 பிள்ளைகளுக்கு, ஊர்த் தாய்மாரிலிருந்தே தெரிந்தெடுத்த பெண்களைக் கொண்டு 18 மாதங்கள் நடத்தினார்கள். முடிவில் பயன் தெரிந்தது; இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது மறைந்துவிட்டிருந்தது. ஓராண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கப்போகும் நாங்கள் இதை மறைத்துப் பேசக் கூடாது என்று கூட்டத்திலும் சொன்னேன்.

கடைசி வழி சிறுகுழு. ஏழெட்டுத் தாய்மார், பிள்ளைகள் மடியில், வாரம் ஒரு நாள், ஒன்றரை மணிநேரம், முன்பள்ளி விட்ட பின் அதன் தாழ்வாரத்திலோ ஒரு வீட்டு முற்றத்து மரநிழலிலோ. இதற்கும் வீட்டுச் சந்திப்புக்கும் நேருக்கு நேர் ஒப்பீடு ஒன்று நமக்கு அண்மையிலேயே நடந்திருக்கிறது. இந்தியாவின் ஒடிசாவில் 192 கிராமங்களில் ஒரு பகுதியில் வாராந்த வீட்டுச் சந்திப்பையும், இன்னொரு பகுதியில் வாராந்தத் தாய், சேய்க் குழுக்களையும் இரண்டு ஆண்டுகள் நடத்தி, 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியிலும் மொழியிலும் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. குழுவுக்கான செலவோ வீட்டுச் சந்திப்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம்முடைய 30 தாய்மாரை நான்கு குழுவாக்கினால் ஒரு பெண் வாரத்தில் நான்கு அரை நாளில் முடித்துவிடலாம். மிச்சமிருக்கும் நேரம் வராதவர்களைத் தேடிப் போக உதவும்.

செலவு ஒருபுறம் இருக்க, போரின் பின் வாழும் ஊருக்குக் குழு வேறொரு வகையிலும் பொருந்துகிறது. பொஸ்னியாவில் போரால் இடம்பெயர்ந்த 87 தாய், பிள்ளை இணைகளோடு ஐந்து மாதங்கள் நடந்து, 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பகுதித் தாய்மார் வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பிள்ளைகளோடு பழகும் முறையையும் தமது துயரத்தையும் பற்றிப் பேசினார்கள். எல்லோருக்கும் மருத்துவ உதவி ஒரே மாதிரிக் கிடைத்தது. குழுவில் இருந்த தாய்மாரின் மனநிலை மேம்பட்டது, அவர்களுடைய பிள்ளைகளுக்கு நிறையும் கூடியது. மனம் மூடிக்கிடக்கும் தாயிடம் "கதை, கதை" என்று சொல்வதில் பயன் இல்லை. அவளோடு முதலில் யாராவது கதைக்க வேண்டும். குழுவில் அது தானாக நடக்கிறது. ஆனால் எல்லாத் துயரமும் மரநிழலில் ஆறாது. நாளாந்த வேலைகளையே செய்ய முடியாமல் இருப்பவரை மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடு தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே. அதைப் "பேசாத தாயின் பிள்ளை" என்று ஊர் முத்திரை குத்திவிடக் கூடாது.

வேறோர் ஊரில் நடந்த குழுவில் நான் பார்த்த ஒன்று இது. ஓர் இளம் தாய் மகனுக்கு முன்னால் சிரட்டையும் கரண்டியும் வைத்து, "தட்டு, தம்பி, தட்டு, இப்பிடித் தட்டு" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையோ முதுகைக் காட்டி ஒரு கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழிநடத்தியவள் திருத்தவில்லை. "தங்கச்சி, தம்பி எதைப் பாக்கிறான் எண்டு ஒருக்காப் பாரும்" என்று மட்டும் சொன்னாள். தாய் திரும்பிப் பார்த்தாள், பேச்சை நிறுத்தினாள். சற்று நேரம் கழித்து மெல்ல, "கோழி... கோழி கொத்துது" என்றாள். பிள்ளை சடாரெனத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. "ஐயோ அக்கா, என்னைப் பாக்கிறான்!" என்று அவள் கூவியதைக் கேட்டு மற்ற ஆறு பேரும் தங்கள் பிள்ளைகளின் கண் போகும் இடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு நாள் செயலமர்வில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வீட்டுச் சந்திப்பில் இந்தத் தாய் கற்றிருப்பாள். மற்ற ஆறு பேரும் கற்றிருக்க மாட்டார்கள்.

குழுவின் குறைகளையும் சொல்ல வேண்டும். வாய்காரி ஒருத்தி இருந்தால் மற்றவர்கள் ஒடுங்கிவிடுவார்கள். யாருடைய பிள்ளை முதலில் பேசியது என்ற போட்டி வரும். நெல்லு வெட்டுக் காலத்திலும் கச்சான் பிடுங்கும் காலத்திலும் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆடைத்தொழிற்சாலைக்குப் போகும் தாய்மார் விடியமுன் பஸ் ஏறி இருட்டிய பின் வருகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளோடு பகல் முழுவதும் பேசுவது அம்மம்மாதான். ஆகவே "தாய்மார் பயிற்சி" என்ற பெயரைக் கறாராகப் பிடித்துக்கொள்ளாமல், பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் எவரோ அவர் வரட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. கூட்டத்தில் முதலில் கேள்வி கேட்ட அம்மம்மாவிடம் பாட்டுகளைச் சொல்லித்தரும் பொறுப்பைக் கொடுக்கலாம் என்றேன், அவர் மறுக்கவில்லை.

ஒளிப்பதிவு செய்து காட்டுவதைப் பற்றியும் ஒருவர் கேட்டார். தாயும் பிள்ளையும் சேர்ந்திருப்பதைச் சில நிமிடம் படம் பிடித்து, நன்றாக அமைந்த கணங்களை மட்டும் அந்தத் தாய்க்குத் திருப்பிக் காட்டும் இந்த முறையை நெதர்லாந்தின் லெய்டனில் விரிவாக வளர்த்தெடுத்தார்கள். அருமையான முறை. ஆனால் எந்தக் கணத்தைக் காட்டுவது என்று தெரிய நல்ல தேர்ச்சி வேண்டும்; ஒரு பெண்ணின் வீட்டுக்குள் எடுத்த படம் யாருடைய கைபேசியில் தங்கும் என்ற கேள்விக்கும் உறுதியான பதில் வேண்டும். வழிநடத்தும் பெண்ணின் வேலையையே படம்பிடித்து, அவளைப் பழக்க இதைப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம்.

ஆக என் தெரிவு சிறுகுழு. அதோடு, வர முடியாத ஐந்தாறு பேருக்கு மட்டும் இரு வாரத்துக்கு ஒரு வீட்டுச் சந்திப்பு. அவர்களில் முதலாவதாகச் செவிப்புலன் குறைந்த பிள்ளையின் தாயையும், பிரசவத்தின் பின் வெளியே வராத தாயையும் சேர்க்கச் சொன்னேன். வழிநடத்துபவர் ஊரிலேயே இருக்கும், சாதாரண தரம் வரை படித்த, பிள்ளைகளோடு கீழே இருந்து விளையாடக் கூச்சப்படாத ஒரு பெண்ணாக இருக்கட்டும். ஒழுங்கான மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். தொண்டராக வரச் சொன்னால் மூன்றாம் மாதம் அவரும் ஆடைத்தொழிற்சாலைக்குப் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுபவமுள்ள ஒருவர் வந்து குழுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேற்பார்வைக்கு வைத்த பணத்தை விளையாட்டுப் பொருளுக்கு மாற்றக் கூடாது. சிரட்டை, மூடி, துணிப்பந்து, பனையோலைக் கிலுகிலுப்பை எல்லாம் ஊரிலேயே கிடைக்கும்.

பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்ததும் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். குழு கூடும் நாள், கடன் சேர்க்க வருகிறவர்களின் நாளாக இருக்கக் கூடாது; அந்த நாளில் பல தாய்மார் வீட்டில் இருக்கவே மாட்டார்கள். தொடங்குமுன் விரும்பிய பத்து வீடுகளில் பத்து நிமிடம் பேசாமல் இருந்து, பிள்ளை தொடங்கியது எத்தனை முறை, அதற்குத் தாய் மறுமொழி சொன்னது எத்தனை முறை என்று மட்டும் எண்ணிக் குறித்துவைத்து, ஆவணியில் அதே வீடுகளில் மீண்டும் எண்ணலாம். பணம் அனுப்பியவர்களுக்குப் படத்துக்குப் பதிலாக அந்த இரண்டு எண்களையும் அனுப்புவதாகச் சங்கத் தலைவி சொல்லியிருக்கிறார்.